நிகர எடை

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால்
டியூஷன் விட்டதும் சைக்கிள்கள் மொய்க்கிற சந்தி.
பீடாவுக்கும் ரீலோட் கார்டுக்கும் நடுவில்
மயில் படம் போட்ட கடதாசியில் சுற்றி
தேசிக்காய் அளவில் ஒரு கறுப்பு உருண்டை.

பிரித்து மணந்து பார்த்தேன்.
ஏலம். நெய். கருப்பட்டி.
அதற்கும் அடியில்
மழையில் நனைந்து புழுங்கிய வைக்கோல்.

"அது மருந்து சேர், சமிபாட்டுக்கு"
என்றார் இஜ்லான் நானா.
மருந்தென்றால் என் கை நீளாது.
பொதுச் சுகாதாரப் பரிசோதகன் நான்;
ஈ மொய்த்த கொத்துரொட்டிக்கும்
வண்டு விழுந்த மாவுக்கும்தான் எனக்குச் சட்டம் தந்திருக்கிறார்கள்.

சுதேச வைத்தியத்துக்கு எழுதினேன்.
பதிவு இலக்கம் சரியாக உள்ளது என்றார்கள்.
மதுவரிக்கு எழுதினேன்.
இலையென்றால் நிறுப்போம்,
உருண்டைக்குள் இலை எத்தனை பங்கென்று
கொழும்புதான் சொல்லவேண்டும் என்றார்கள்.
கொழும்பு
இன்னும் சொல்லவில்லை.

பாண்டிருப்பு ஜதுர்ஷன், வயது பதினாறு,
ஒன்றை முழுசாகத் தின்றான்.
முக்கால் மணித்தியாலம் ஒன்றுமே இல்லை.
'சும்மா பேய்க்காட்டுறானுகள்' என்று
இன்னொன்றையும் தின்றான்.
பிறகு இரண்டும் சேர்ந்து வந்தன.
வாட்டில் இரண்டு நாள்
மின்விசிறி தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறதென்று
காதைப் பொத்திக்கொண்டு கிடந்தான்.

தாய் என்னை ஏசவில்லை.
சந்தையில் அரிசி விற்கிறவள்.
"ஒரு கொத்து எண்டா எல்லாருக்கும் ஒரு கொத்துத்தான் சேர்.
இதுக்கு என்ன கொத்து?
எவ்வளவு திண்டிருந்தா ஒண்டும் ஆகியிராது?"
என் கோப்பில் பதினொரு கடிதம் இருந்தது.
அதற்குப் பதில் இருக்கவில்லை.

சம்மாந்துறை வட்டையில் கேட்டேன்.
வெட்டுக் காலத்தில் முதுகு நோவுக்கு
குன்றிமணி அளவு கிள்ளிப் போடுவாராம்
முல்லைக்காரர் உதுமாலெவ்வை.
ஒரு உருண்டை ஏழு நாளைக்கு.
"இப்ப வாறது அந்தச் சாமான் இல்ல மகன்.
போன மாசம் அதே குன்றிமணிதான் கிள்ளின.
வரம்புல விழுந்து கிடந்து
பொழுது பட்டுத்தான் எழும்பின."
அதே மயில். அதே கடதாசி.
உள்ளே ஏதோ ஏறிக்கொண்டு போகிறது,
வெளியே ஒரு எழுத்தும் மாறவில்லை.

கடைசியில்
எனக்குத் தெரிந்த வழியில் வழக்குப் போட்டேன்.
காலாவதித் திகதி இல்லை.
உச்ச சில்லறை விலை இல்லை.
தமிழில் ஒரு சொல்லும் இல்லை.
நீதவான் கண்ணாடியைக் கழற்றி
என்னை ஒரு தரம் பார்த்தார்.
ஆறாயிரம் ரூபா.
இஜ்லான் நானா சட்டைப் பையிலிருந்தே எண்ணிக் கொடுத்தார்.

மாதம் ஒன்றும் முடியவில்லை.
அதே சந்தி, அதே தட்டு,
மயிலுக்கு மட்டும் புதுத் தோகை.
உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி,
தொகுதி இலக்கம், விலை,
மூன்று மொழி, எழுத்துப் பிழையே இல்லாத தமிழ்.
நிகர எடை: பத்து கிராம்.
தராசில் வைத்தேன்.
பத்தேதான்.
நான் போட்ட வழக்கு
அதற்கு நல்ல உடுப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறது.

படிவத்தில் 'குறைபாடுகள்' என்ற கட்டத்துக்கு மேல்
பேனை நிற்கிறது.
ஒரு சைக்கிள் வந்து கால் ஊன்றுகிறது.
"மோதகம் ஒண்டு. சோடா ஒண்டு."
யாருக்கு என்றேன்.
"வாப்பாக்கு. இடுப்பு நோ."
வயது கேட்க எனக்கு எந்தப் பிரிவும் இல்லை;
கேட்டேன்.
சிரித்தான்.

நானா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே
இரண்டையும் எடுத்து வைத்தார்.
சோடாப் போத்தலின் கழுத்தருகே
சிவப்பு வட்டம்,
நூறு மில்லிலீற்றருக்குச் சீனி
இத்தனை கிராமென்று
தசம தானத்தோடு.